தாத்தாவின் டிராக்டரை மீட்போம்



உங்கள் ஊரைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். களத்துமேட்டின் ஓரத்திலோ, வைக்கோற்போருக்குப் பின்னாலோ, ஓடு சரிந்த கொட்டகையிலோ ஒரு பழைய டிராக்டர் நிற்கக் காண்பீர்கள். அதை வாங்கிய பெரியவர் காலமாகியிருப்பார். பிள்ளைகள் பட்டணத்தில் வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் கேட்டால், "பதினைந்து வருஷமா அப்படியே நிக்குது. நிறுத்தும்போது நல்லாத்தான் ஓடிச்சு" என்பார்கள்.

இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருக்கலாம். முதல் வாக்கியத்தில் உள்ள "அப்படியே" என்ற சொல்தான் தவறு. ஓடும் எந்திரம் உராய்வினால் தேய்கிறது. நிற்கும் எந்திரத்தைக் காற்றும் நீரும் எலியும் குளவியும் பகிர்ந்துகொள்கின்றன. இந்த மாற்றங்களை அறியாமல் "ஒரு இழு இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும்" என்று சங்கிலியைக் கட்டுவோர் உண்டு. பதினைந்து ஆண்டுத் துரு கெடுக்காத எஞ்சினை அவர்கள் இரண்டே நிமிடத்தில் கெடுத்துவிடுவார்கள். சில சமயம் உயிர்ச்சேதமும் நேர்கிறது.

அப்படிப்பட்ட டிராக்டர் ஒன்றைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, லாரியில் ஏற்றி, 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பணிமனைக்குக் கொண்டுபோய் மீண்டும் ஓடச் செய்வதாக வைத்துக்கொள்வோம். நம் டிராக்டருக்கு மூன்று சிலிண்டர்கள், 35 குதிரைத்திறன், எடை 1,700 கிலோ. இந்த வேலையைப் பெரியவர்களும் மெக்கானிக்கும்தான் செய்ய வேண்டும். கணக்குப் போடுவது உங்கள் வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் நாம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: விசையைச் செலுத்துமுன், அது எங்கே போய்ச் சேரும்?

ஒரு சிறு வரலாறு

நம் நாட்டுக் கொட்டகைகளில் காணும் பழைய டிராக்டர்கள் பலவற்றின் முன்னோர் இங்கிலாந்தைச் சேர்ந்தவர். அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் வடிவமைத்த 'டி.இ.20' என்னும் சிறு சாம்பல்நிற டிராக்டர், 1946 முதல் 1956 வரை காவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாராயிற்று. எட்மண்ட் ஹிலாரியின் குழு 1958 ஜனவரி 4ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தது இந்த வகை டிராக்டர்களை ஓட்டிக்கொண்டுதான். 1953இல் பெர்குசன் நிறுவனம் கனடாவின் மாசி-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. அந்தப் பரம்பரையில் வந்த மாசி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரிக்க 1960இல் சென்னையில் 'டாஃபே' நிறுவனம் தொடங்கப்பட்டது.

இந்தப் பரம்பரை டிராக்டர்களுக்கு ஒரு தனிப் பண்பு உண்டு. லாரிக்கு உள்ளதுபோல் தனிச் சட்டம் இவற்றுக்குக் கிடையாது. எஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சுப்பெட்டி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று போல்ட்டினால் பிணைக்கப்பட்டு, முதுகெலும்புபோல் அமைந்துள்ளன. சங்கிலியை எங்கே கட்டுவது என்று பார்க்கும்போது இது நமக்குப் பயன்படும்.

நிற்கும் எஞ்சினுக்குள் நடப்பவை

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன், நீர் இரண்டும் வேண்டும். கொட்டகைக்குள் மழை படாவிட்டாலும் நீர் வந்துவிடுகிறது. பகலில் சூடேறிய காற்று இரவில் குளிர்கிறது. விடியற்காலையில் கனமான இரும்புப் பாகங்கள் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். அவற்றின்மேல் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிகிறது. ஆண்டுக்கு 365 விடியல்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு எத்தனை என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

எஞ்சினுக்குள் இந்த ஈரக்காற்று எப்படி நுழைகிறது? மூன்று சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும், ஏதேனும் ஒரு சிலிண்டரின் வால்வு சற்றாவது திறந்திருக்கும். மேல்நோக்கி நிற்கும் சைலன்சர் குழாய் வழியே வரும் ஈரம் அந்தச் சிலிண்டருக்குள் இறங்கும். அனுபவமுள்ள உழவர்கள் சைலன்சர் வாயில் ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்து வைப்பது இதனால்தான். அந்த ஐந்து ரூபாய் டப்பா பல ஆயிரம் ரூபாய்ச் செலவைத் தடுக்கும்.

துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு. அது உண்டாகக் காரணமான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. பிஸ்டனைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பு வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்கின்றன. இதைத்தான் மெக்கானிக்குகள் 'எஞ்சின் ஜாம்' என்கிறார்கள்.

முதல் நாள்: கண்ணால் மட்டும் வேலை

கொட்டகைக்குள் போனதும் எதையும் தொடாதீர்கள். நீண்ட கழியால் தட்டிச் சத்தமெழுப்புங்கள். இருக்கைக்கு அடியிலும், கிளட்ச் பெட்டியின் அருகிலும் பாம்பு சுருண்டிருக்கலாம். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். எலி இருக்கிறது என்பதற்கு மின்கம்பிகளின் கடிபட்ட உறையே சான்று. கடிபட்ட கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் மின்குறுக்கு ஏற்பட்டுத் தீப்பிடிக்கும். எனவே பழைய பேட்டரியின் இணைப்பை முதலில் கழற்றிவிட வேண்டும். பல ஆண்டு மின்னேற்றம் இல்லாமல் கிடந்த பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட்டு கடினமான படிகமாக உறைந்துவிடும். அது மீண்டும் மின்னேற்றம் கொள்ளாது.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்குங்கள். ரேடியேட்டரில் நீர் உண்டா? குழாய்களில் குளவி கூடு கட்டியிருக்கிறதா? எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியில் எண்ணெய் கறுப்பாக உள்ளதா, பால்போல் வெளுத்துள்ளதா? வெளுத்திருந்தால் எண்ணெயில் நீர் கலந்துள்ளது என்று பொருள். எந்த டயர் தட்டையாகக் கிடக்கிறது? கியர் நெம்பி எந்த நிலையில் உள்ளது? கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைப்பதும் உங்கள் பொறுப்பு. மெக்கானிக் பத்து நாள் கழித்து உங்களைத்தான் தேடுவார்.

எண்ணெய் நுழையும் வழி

ஒட்டிக்கொண்ட பிஸ்டனை விடுவிக்க, இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, அந்தத் துளைகள் வழியே மெல்லிய எண்ணெயைச் சிறிதளவு ஊற்றுவார்கள். டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்த கலவையே போதும். துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த இறுக்கமான இடுக்கில் எண்ணெயை எது செலுத்துகிறது? நீங்கள் வகுப்பில் படித்த நுண்புழை நுழைவுதான். இடைவெளி குறுகக் குறுக, திரவம் அதில் அதிக தூரம் ஏறும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிச் சில்லுகளின் ஒரு பக்க ஓரங்களை ஒட்டவைத்து, எதிர்ப்பக்க ஓரங்களுக்கிடையே ஒரு தீக்குச்சியைச் செருகி ரப்பர் வளையம் போடுங்கள். ஒட்டிய ஓரமும் தீக்குச்சியும் செங்குத்தாக நிற்குமாறு வண்ணநீர் உள்ள தட்டில் நிறுத்துங்கள். ஒட்டிய ஓரத்தில் நீர் உயரமாகவும், தீக்குச்சிப் பக்கம் தாழ்வாகவும் வளைகோடாக ஏறி நிற்பதைக் காண்பீர்கள். நீருக்குப் பதில் தேங்காய் எண்ணெயை வைத்துப் பார்த்தால் அது மெதுவாக ஏறும். காரணம், அதன் பாகுநிலை அதிகம். துரு அடைத்த இடுக்கில் இந்த மெதுவோட்டம் நாட்கணக்கில் நடக்கிறது. ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லும் மெக்கானிக் சோம்பேறி அல்லர், இயற்பியல் தெரிந்தவர்.

ஒரு வாரத்துக்குப் பின், இன்ஜெக்டர்களை மாட்டாமலே, ஒரு மீட்டர் நீளக் கம்பியை நெம்புகோலாகப் பயன்படுத்தி எஞ்சினின் முன்புறக் கப்பி நட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். முன்னும் பின்னுமாக ஒரு விரற்கடை அளவே அசைப்பார்கள். அசைந்தால் இன்னும் சிறிது எண்ணெய். மறுநாள் இன்னும் சிறிது அசைவு. எதிர்ப்பு கூடினால் கை உடனே நின்றுவிடும். வேறொரு டிராக்டரைக் கொண்டு இழுத்துச் சுழற்றினால், எதிர்ப்பை உணர அங்கே கை இல்லை. ஒட்டிக்கொண்ட வால்வின்மேல் பிஸ்டன் மோதும். வால்வும் தள்ளுதண்டும் வளைந்துவிடும்.

இன்னொரு ஆபத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் கீழிருந்து மேலே வரும்போது 800 கன சென்டிமீட்டர் இடத்தைக் கடக்கிறது எனவும், அமுக்க விகிதம் 17 எனவும் கொள்வோம். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது எஞ்சியிருக்கும் இடம் 800-ஐ 16-ஆல் வகுத்தால் கிடைக்கும் 50 கன சென்டிமீட்டர்தான். ஒரு தேநீர்க் குவளையில் பாதி! காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. வெளியேற வழியில்லாமல் 50 கன சென்டிமீட்டருக்கு மேல் எண்ணெயோ நீரோ உள்ளே இருந்தால், மேலேறும் பிஸ்டனுக்கு அது பாறைபோல் நிற்கும், இணைப்புத்தண்டு வளையும். இன்ஜெக்டர் துளைகளைத் திறந்து வைத்தே சுற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

சக்கரங்கள் உருள வேண்டும்

எஞ்சின் ஒட்டியிருந்தாலும் டிராக்டரை நகர்த்தலாம். கியரை நியூட்ரலில் வைத்தால் சக்கரங்களுக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அற்றுவிடும். பிரேக் மட்டும் டிரம்மோடு ஒட்டியிருக்கக்கூடும். சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் கட்டைகளை அடுக்கி, டிரம்மை மரச்சுத்தியலால் தட்டித் தட்டி விடுவிப்பார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் கை நீட்டக்கூடாது.

டயர்களைப் பாருங்கள். பின்பாரத்தில் ஒவ்வொரு பின்சக்கரமும் ஏறத்தாழ 500 கிலோ தாங்குகிறது. டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் காற்று இருந்தால், 500 சதுர சென்டிமீட்டர் பரப்பு தரையில் படிந்து பாரத்தைத் தாங்கும். காற்று இல்லாவிட்டால் இரும்பு வளையத்தின் விளிம்பு ரப்பரை நசுக்கிக்கொண்டு தரையில் இறங்கும். பழைய டயரில் ஓசோனால் உண்டான வெடிப்புகள் இருக்கும். காற்றடிக்கும்போது நேர் எதிரே நிற்காமல், விலகி நின்று, சிறிது சிறிதாக அடிக்க வேண்டும். பின்டயர்களில் எடைக்காக நீர் நிரப்பியிருப்பதும் உண்டு. ஒவ்வொன்றிலும் 150 லிட்டர் இருந்தால் மொத்தம் 300 கிலோ கூடுதல் பாரம். ஏற்றுமுன் அதை வெளியேற்றிவிடுவது நல்லது.

இழுக்கும்போது

இனி இழுக்கலாம். எவ்வளவு விசை வேண்டும்? கெட்டித் தரையில் உருளும் டிராக்டரை இழுக்க, அதன் எடையில் 3 விழுக்காடு போதும். அதாவது சுமார் 50 கிலோ எடை. இரண்டு பேர் தள்ளினால் நகரும். சேற்றில் புதைந்திருந்தால் எடையில் கால் பங்கு, அதாவது 425 கிலோ எடை தேவைப்படலாம். சக்கரம் சுற்றாமல் வழுக்கிக்கொண்டே வந்தால் ஆயிரம் கிலோ எடை வரை வேண்டும். ஆகவே மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னுள்ள சேற்றை வாரி, பலகை போட அரை நாள் செலவழித்தால், தேவையான விசை எட்டில் ஒரு பங்காகிவிடும்.

பொறுமையில்லாதவர்கள் பக்கத்து வயல் டிராக்டரைக் கூப்பிடுவார்கள். அங்கேதான் உயிராபத்து உள்ளது. இழுக்கும் டிராக்டரும் 1,700 கிலோ எனக் கொள்வோம். அதன் புவியீர்ப்பு மையம் பின் அச்சுக்கு 75 சென்டிமீட்டர் முன்னால் உள்ளது. முன்சக்கரங்களைத் தரையில் வைத்திருக்கும் திருப்புத்திறன் 1,700 × 75 = 1,27,500 கிலோ-செ.மீ. சங்கிலியின் இழுப்பு, டிராக்டரைப் பின்புறமாகக் கவிழ்க்கப் பார்க்கிறது.

சங்கிலியைத் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் உள்ள இழுவைக் கம்பியில் மாட்டினால், முன்சக்கரம் எழுவதற்கு 1,27,500 ÷ 40, அதாவது ஏறத்தாழ 3,190 கிலோ எடை இழுப்பு வேண்டும். உராய்வுக் கெழு 0.8 உள்ள நல்ல தரையில்கூட டயர்களின் பிடிப்பு 1,360 கிலோ எடையைத் தாண்டாது. ஆகவே கவிழ்வதற்கு முன்பே சக்கரங்கள் வழுக்கிவிடும். அந்த வழுக்கல்தான் ஓட்டுநரைக் காப்பாற்றுகிறது.

அதே சங்கிலியை, 100 செ.மீ. உயரத்தில் கலப்பையின் மேல்இணைப்பு பொருத்தும் இடத்தில் மாட்டினால்? 1,275 கிலோ எடை இழுப்பிலேயே முன்சக்கரம் எழும். டயரின் பிடிப்பு அதைவிட அதிகம். முன்பாகம் எழ எழப் புவியீர்ப்பு மையம் பின்னால் நகர்வதால், எதிர்த்து நிற்கும் திருப்புத்திறனும் குறைந்துகொண்டே போகும். டிராக்டர் பின்புறமாக முழுதும் கவிழ ஒன்றரை நொடி போதும். அந்த நேரத்துக்குள் ஓட்டுநர் கிளட்சை மிதிக்க நினைத்து முடிப்பதே அரிது. 60 சென்டிமீட்டர் உயர வேறுபாட்டில் ஓர் உயிர் தங்கியிருக்கிறது.

சங்கிலி தளர்ந்திருக்கையில் வேகமெடுத்து வெட்டி இழுப்பதும் கூடாது. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் வரும் 1,700 கிலோ டிராக்டரின் இயக்க ஆற்றல் சுமார் 1,640 ஜூல். கயிறு 10 செ.மீ. நீள்வதற்குள் அது நிறுத்தப்பட்டால், சராசரி விசை 16,400 நியூட்டன். ஏறத்தாழ 1,670 கிலோ எடை. உச்ச விசை இன்னும் அதிகம். அறுந்த கயிறு சாட்டைபோல் வீசும். இழுப்புக் கோட்டின் அருகே யாரும் நிற்கக்கூடாது.

ஏற்றும்போது

லாரித் தளத்தின் உயரம் 120 செ.மீ. எனக் கொள்வோம். 480 செ.மீ. நீளமுள்ள பலகைச் சாய்தளத்தில் ஏற்ற, எடையில் கால் பங்கும், உருளும் தடைக்கு 50 கிலோவும் சேர்ந்து 475 கிலோ எடை விசை வேண்டும். பலகை 240 செ.மீ. என்றால் 900 கிலோ எடை. செய்யப்படும் வேலை ஏறக்குறைய ஒன்றே. நீளம் கூடினால் விசை குறையும்.

உயரத்தையே இல்லாமல் செய்துவிட்டால்? நம் ஊர்ப் பெரியவர்கள் அதைத்தான் செய்வார்கள். வாய்க்கால் கரையோ, களத்துமேடோ பார்த்து, லாரியின் பின்பக்கத்தை அதனோடு ஒட்டி நிறுத்தச் சொல்வார்கள். தளமும் மேடும் ஒரே மட்டமானால், நான்கு பேர் தள்ளி டிராக்டரை லாரிக்குள் உருட்டிவிடலாம்.

மேடு கிடைக்காதபோது செயின் புளாக்கினால் மெதுவாக இழுத்து ஏற்ற வேண்டும். அப்போது நினைவில் வைக்க வேண்டிய ஒன்று: டிராக்டர் நான்கு கால்களில் நிற்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் அது ஒரு முக்கோணத்தின் மேல் நிற்கிறது. முன் அச்சு நடுவில் ஒரே முளையில் பொருத்தப்பட்டு, ஊஞ்சற்பலகைபோல் ஏறி இறங்கும்; மேடுபள்ளமான வயலுக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே பக்கவாட்டுச் சாய்வைத் தாங்கும் பீடத்தின் மூன்று மூலைகள், இரு பின்சக்கரங்களும் அந்த முளையும்தான். பின்சக்கரங்களுக்கு இடையே நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 65 செ.மீ. அகலம் இருந்தாலும், முன்னோக்கிப் போகப்போக அது குறுகி, புவியீர்ப்பு மையத்தின் நேர்கீழே 39 செ.மீ. ஆகிவிடுகிறது. ஒரு பக்கப் பலகை வளைந்து தாழ்ந்தால் போதும், டிராக்டர் சாயும். எனவே பலகைகளின் நடுவில் முட்டுக் கொடுக்க வேண்டும். முன் அச்சின் இருபுறமும் மர ஆப்பு அடித்து அது ஆடாமல் செய்ய வேண்டும்.

ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கட்டிவிட்டு, இருக்கையில் யாரும் இல்லாமல் ஏற்றுவது நல்லது. தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் தேருக்குப் பின்னால் ஒருபோதும் நிற்பதில்லை. பக்கத்தில் நின்று கட்டையை நீட்டுகிறார். இங்கும் இருவர் அப்படியே பக்கங்களில் நின்று, ஒவ்வோர் அடி ஏறியதும் பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டுக்கொண்டே வர வேண்டும்.

கட்டும்போது

லாரி பிரேக் போட்டால் டிராக்டர் முன்னே போக முயலும். ஐரோப்பிய நாடுகளில் பின்பற்றப்படும் விதி, சரக்கின் எடையில் முன்புறம் 80 விழுக்காடும், பக்கவாட்டிலும் பின்புறமும் 50 விழுக்காடும் தாங்குமாறு கட்டச் சொல்கிறது. நம் கணக்கில் முன்புறத்துக்கு 1,360 கிலோ எடை. பின்பக்கம் இரண்டு சங்கிலிகள் தளத்துக்கு 45 பாகைச் சாய்வில் இருந்தால், ஒவ்வொன்றும் 680-ஐ 0.707-ஆல் வகுத்து வரும் 960 கிலோ எடையைத் தாங்க வேண்டும். வைக்கோல் கட்டும் கயிறு இதற்கு ஏன் உதவாது என்பது புரிகிறதல்லவா?

தனிச் சட்டம் இல்லாத டிராக்டரில் எங்கே கட்டுவது? முதுகெலும்பின் இரு முனைகளிலும்தான்: பின் அச்சுப்பெட்டியிலும், முன் அச்சைத் தாங்கும் வார்ப்பிலும். மட்கார்டிலோ ஸ்டீயரிங் கம்பியிலோ கட்டக்கூடாது. டயர் வில்போல் அமுங்கி எழுவதால் சங்கிலி தளரும். பத்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்க வேண்டும். தளத்தின் உயரத்தோடு சைலன்சரின் உயரமும் சேரும்போது ஊருக்குள் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியை அது எட்டக்கூடும். சைலன்சரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையை மூடிவிடுங்கள்.

மீண்டும் உயிர்ப்பு

பணிமனையில் முதல் வேலை டீசல் தொட்டியைக் காலி செய்வது. நீர் டீசலைவிட அடர்த்தி மிக்கது. ஆகவே அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வாழ்ந்து கரிய வழுவழுப்பான படிவை உண்டாக்கியிருக்கும். டீசல் பம்பின் உள்ளே அசையும் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே இடைவெளி. அங்கே ஒரு துளி அழுக்குநீர் போனாலும் கேடு.

புதிய டீசலும் புதிய வடிகட்டியும் போட்டபின் குழாய்களிலிருந்து 'ஏர் எடுக்க' வேண்டும். இன்ஜெக்டர் திறக்க, காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும். குழாயில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால், பம்பின் ஒவ்வோர் உந்தலையும் அது சுருங்கி வாங்கிக்கொள்ளும், இன்ஜெக்டர் திறக்காது. எஞ்சினை அணைக்கும் 'ஸ்டாப்' குமிழை இழுத்துப் பிடித்தபடி சில முறை சுற்றி, எண்ணெய் அழுத்தமானி முள் எழுந்தபின்தான் டீசலைத் திறக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கையில் பின்சக்கரங்கள் கட்டைகளின்மேல் தூக்கியே இருக்கட்டும். கிளட்ச் தட்டு துருவால் ஒட்டியிருந்தால், மிதித்தாலும் விடுபடாது. கியரில் இருந்தால் டிராக்டர் சுவரை நோக்கிப் போய்விடும். டீசல் எஞ்சினில் மின்பொறி கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆகவே சாவியைத் திருப்பி மின்சாரத்தை நிறுத்தினாலும் அது நிற்காது. பம்பு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் வேகம் கட்டுமீறி ஏறும். அப்போது செய்ய வேண்டியது காற்றை நிறுத்துவதுதான். காற்று உறிஞ்சும் வாயை முழுதும் மூடும் அளவுள்ள தட்டையான பலகை ஒன்றைக் கையருகே வைத்துக்கொண்டே மெக்கானிக் ஸ்டார்ட் செய்வார். கையால் மூட முயலவே கூடாது.

முதலில் வெண்புகை வரும், பிறகு ஒரு சிலிண்டர் இருமும், இரண்டாவது சேரும், மூன்றும் சேர்ந்தபின் ஓசை சீராகும். பதினைந்து ஆண்டுகள் நின்ற எந்திரத்துக்காக இன்னும் பதினைந்து நாள் பொறுத்திருப்பது பெரிய காரியம் அல்ல.

சிந்தித்து விடையளியுங்கள்

1. 120 செ.மீ. உயரத் தளத்துக்கு 600 செ.மீ. நீளப் பலகை போட்டால், நம் டிராக்டரை ஏற்ற எவ்வளவு விசை வேண்டும்?

2. பின்டயர்களில் உள்ள 300 லிட்டர் நீரை வெளியேற்றினால், டிராக்டரின் புவியீர்ப்பு மையம் முன்னே நகருமா, பின்னே நகருமா? உயருமா, தாழுமா?

3. சங்கிலியைத் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் மாட்டினால், முன்சக்கரம் எழ எவ்வளவு இழுப்பு தேவை? டயர் வழுக்குவது முதலில் நடக்குமா, முன்சக்கரம் எழுவது முதலில் நடக்குமா?

4. உங்கள் ஊரில் நிற்கும் பழைய டிராக்டரின் சைலன்சர் வாயில் டப்பா கவிழ்த்திருக்கிறதா? இல்லையென்றால், இன்றைக்கே ஒன்றைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.